கிருமி இல்லாமலும் காய்ச்சல் வருமா?



"பிள்ளைக்கு மூணு நாள் காய்ச்சல் அடிக்குது, தானா விட்டுடுது. அடுத்த மாசம் திரும்ப வந்துடுது." இந்தப் பேச்சு மந்தைவெளியில் கூடும் குழுவிலும் உண்டு, கிராமத்தில் கூடும் குழுவிலும் உண்டு. இதைப் பற்றி இந்த இதழில் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

அடிக்கடி வரும் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் கிருமிதான் காரணம். சளி, டைபாய்டு, மலேரியா, காசநோய், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஆனால் இவை எதுவும் இல்லாமல், எந்த டெஸ்டிலும் கிருமி பிடிபடாமல், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் காய்ச்சலும் இருக்கிறது. அதில் சில வகைகள் பரம்பரையாக வருபவை. இவை அரிதானவைதான். ஆனால் தெரியாமல் விட்டால் பிள்ளையின் சிறுநீரகமே கெட்டுப்போகலாம்.

உடம்புக்குள் என்ன நடக்குது?

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் காவல்காரர் மாதிரி. கிருமி நுழைந்தால் அவை 'இன்டர்லூகின்-1' என்ற பொருளை வெளியே விடும். அந்தச் சேதி மூளைக்குப் போனதும் உடம்பு சூடாகிறது. காய்ச்சல் என்பது இதுதான்.

சிலருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுவில் மாற்றம் இருக்கும். அவர்கள் உடம்பில் திருடன் வராமலேயே காவல்காரர் விசில் ஊதுவார். காய்ச்சலோடு வயிற்றுவலி, நெஞ்சுவலி, மூட்டு வீக்கம் வரும். இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். இடைப்பட்ட நாளில் பிள்ளை நன்றாக ஓடியாடும்.

இப்படி வரும் ஒரு நோய்க்கு 'மத்தியதரைக் கடல் குடும்பக் காய்ச்சல்' என்று பெயர். துருக்கியர், ஆர்மீனியர், யூதர், அரபு மக்களிடம் அதிகம்; இந்தியாவில் அரிது. இதற்குக் காரணமான மரபணுவை 1997-ல் கண்டுபிடித்தார்கள். இன்னொரு வகையில் காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். வேறொரு வகையில் குளிர்காற்று பட்டாலே தடிப்பும் காய்ச்சலும் வரும்.

சிறு பிள்ளைகளுக்கு மூன்று முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை காய்ச்சல், வாய்ப்புண், தொண்டைவலி, கழுத்தில் நெறி கட்டுதல் என்று வரும் ஒரு வகையும் உண்டு. அது பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். பயப்பட வேண்டாம்.

தாயின் குற்றமா?

இல்லவே இல்லை. மத்தியதரைக் கடல் காய்ச்சலில் பொதுவாகத் தாய், தகப்பன் இருவரிடமும் மாறிய மரபணு ஒவ்வொன்று இருக்கும். இருவரும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். இரண்டும் ஒரே பிள்ளைக்குச் சேரும்போதுதான் நோய் வருகிறது. ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் திருமணம் செய்தால் இருவரிடமும் ஒரே மாற்றம் இருக்கும் வாய்ப்பு கூடும். ஆகவே "ராசியில்லாதவ" என்று மருமகளைப் பேசுவதும், பிள்ளையை மந்திரிக்க அழைத்துக்கொண்டு அலைவதும் வீண்.

நம் செங்காந்தளும் மருந்தும்

இந்த நோய்க்கு 'கோல்சிசின்' மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று 1972-லேயே தெரிந்துவிட்டது. நம் மாநில மலரான செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்குச் செடியின் விதையிலும் இந்தப் பொருள் இருக்கிறது. மூலனூர், தாராபுரம் பக்கம் இதைப் பயிரிடுகிறார்கள். பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்க்கும் வேலையைச் செய்பவர்களில் நம் பெண்களும் உண்டு.

ஆனால் எச்சரிக்கை! மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம்தான். கிழங்கும் விதையும் கொடிய விஷம், உயிரே போய்விடும். வீட்டு வைத்தியமாக ஒருபோதும் கொடுக்காதீர்கள். மாத்திரையையும் டாக்டர் சொன்ன அளவில்தான் தர வேண்டும். வேறு மருந்து சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சல் இல்லாத நாளிலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. அடுத்த காய்ச்சலைத் தடுப்பதோடு, சிறுநீரகத்தில் கெட்ட புரதம் படியாமல் காப்பதும் அந்த மாத்திரைதான்.

நாம் செய்ய வேண்டியது

1. சேமிப்புக்கு நோட்டு போடுகிற மாதிரி காய்ச்சலுக்கும் ஒரு நோட்டு போடுங்கள். வந்த தேதி, எத்தனை நாள், எவ்வளவு சூடு, வேறு என்ன தொந்தரவு, என்ன மருந்து என்று எழுதுங்கள். டாக்டருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

2. ஒவ்வொரு முறையும் மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். கிருமி இல்லாத காய்ச்சலுக்கு அது பயன்படாது.

3. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தேவைப்பட்டால் மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போகலாம். காய்ச்சல் உள்ள நாளிலும் இல்லாத நாளிலும் இரத்தப் பரிசோதனை செய்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்ப்பார்கள்.

4. வலிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தாலோ, மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ நோட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர் இதை வாசித்துக் காட்டட்டும். எழுதத் தெரியாத சகோதரியின் காய்ச்சல் நோட்டைப் பக்கத்து வீட்டு உறுப்பினர் எழுதிக் கொடுக்கட்டும். கடனுக்குக் கைகோர்க்கும் நாம் பிள்ளைகளின் உடல்நலத்துக்கும் கைகோர்ப்போம்.