மலைகளுக்கு யார் பெயர் வைத்தார்கள்?

மலையேறுவது பற்றி ஓர் இலக்கிய உரையில் பேச என்ன இருக்கிறது என்று நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். மலை என்றால் காட்சி, குளிர், பனிமூட்டம், ஒரு புகைப்படம் என்ற அளவிலேயே என் எண்ணம் நின்றிருந்தது. அதை மாற்றியவர் அப்புத்தளைக்கு அருகே, தம்பேதன்னைத் தோட்டத்தில் நான் சந்தித்த ஓர் ஆச்சி.

அங்குள்ள தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ‘லிப்டன் ஆசனம்’ எனப்படும் மலையுச்சிக்கு ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் தூரம். விடியற்காலையில் நடக்கத் தொடங்கினேன். வழியில் விறகுக் கட்டை இறக்கிவைத்து இளைப்பாறிக்கொண்டிருந்த அந்த ஆச்சியிடம், “லிப்டன் ஆசனத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் ஆச்சி?” என்று கேட்டேன். அவர் கையால் திசையைக் காட்டிவிட்டுச் சொன்னார்: “தொரை குந்துன எடந்தானே? மேலதான் ஐயா இருக்கு. குந்துனவரு பேரு இருக்கு. இந்த ரோட்ட வெட்டுனவங்க பேரு எங்க இருக்கு?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிலிருந்து எந்த மலைக்குச் சென்றாலும் அதன் பெயரை யார் வைத்தார்கள், யாருடைய கால்கள் அந்தப் பாதையை உண்டாக்கின என்பவற்றைத் தேடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கியது 1890 இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தென்னிந்தியத் தொழிலாளர்கள் இந்த மலைகளுக்கு வந்துவிட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை அவர்கள் நடந்தே வந்தார்கள். பசியிலும் நோயிலும் வழியிலேயே மடிந்தவர்கள் பலர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது, ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் தொடங்கிவைத்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காடு வெட்டியவர்களும், கான் வெட்டியவர்களும், மலைச்சரிவில் பாதை போட்டவர்களும் அதே மக்களே. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் ‘பீக்கோ நடைவழி’ இன்று உலகெங்குமுள்ள நடைப்பிரியர்களை ஈர்க்கின்றது. 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் அந்த வழியின் பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகளே.

தோட்டத்துப் பேச்சிலே ‘மலை’ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. “இன்னைக்கு எந்த மலையில கொழுந்து?” என்றால், எந்தத் தேயிலைப் பகுதியில் இன்று வேலை என்பதே அர்த்தம். நமக்குக் காட்சியாக இருப்பது அவர்களுக்கு அன்றாட வேலைத்தலம். ஒரே சொல், இரண்டு வாழ்க்கை.

இனிச் சிவனொளிபாதமலைக்கு வருவோம். 2,243 மீற்றர் உயரமான இது, நாட்டின் மிக உயர்ந்த சிகரமன்று. அந்தப் பெருமை 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலைக்கே உரியது. ஆனால், தனித்து நிற்கும் கூம்பு வடிவத்தால் கடலோடிகளுக்குத் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டிய மலை இதுவே. சைவர்கள் உச்சியிலுள்ள பாதச் சுவட்டைச் சிவனுடையது என்பர். பௌத்தர்களுக்கு அது புத்தரின் ஸ்ரீ பாதம். முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம். சிங்களத்தில் ‘சமனல கந்த’ என்ற பெயரும் உண்டு. சமனலயா என்றால் வண்ணத்துப்பூச்சி.

1344 இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா இந்த மலையில் ஏறினார். மாலைதீவிலிருந்து வந்து கரையிறங்கிய அவருக்குப் பல்லக்கும் சுமைகாரரும் தந்து, வழிகாட்ட யோகிகளையும் பிராமணர்களையும் உடன் அனுப்பியவர் ஆரியச் சக்கரவர்த்தி. மலைக்கு இரு வழிகள் இருந்ததாகவும், ஒன்று ஆதமின் பெயராலும் மற்றது ஏவாளின் பெயராலும் வழங்கியதாகவும் இபுனு பதூதா எழுதியிருக்கிறார். ஒரு தமிழ் மன்னன் ஒரு முஸ்லிம் யாத்திரிகரை, பௌத்தர்களும் போற்றும் மலைக்கு அனுப்பிவைத்தான் என்பது நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. ஒரு மலைக்குப் பல பெயர்கள் இருந்தும் எந்தப் பெயரும் மற்றொன்றை அழிக்கவில்லை.

ஹற்றன் வழியாக மலையேறுபவர்கள் நடக்கத் தொடங்கும் ஊரை ஆங்கிலேயர் டல்ஹவுஸி என்றனர். மக்கள் வழக்கில் நிலைத்தது நல்லதண்ணி என்ற தமிழ்ப் பெயர். சிங்கள நாவில் அது நல்லதண்ணிய ஆயிற்று. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறப்போகிறவன் தண்ணீரை நினைக்காமல் வேறு எதை நினைப்பான்? பெயர் வைத்தவர் யாரென்று எங்கும் எழுதப்படவில்லை. ஆனாலும் துரையின் பெயரை மக்களின் பெயர் வென்றுவிட்டது. ஆச்சியின் கேள்விக்கு ஒரு சிறிய பதில் இங்கேயாவது கிடைக்கிறது.

மூன்றாவதாக ஹோர்ட்டன் சமவெளி. 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த றொபேட் வில்மட் ஹோர்ட்டனின் பெயர் அது. சிங்கள மக்கள் ‘மகா எலிய’, அதாவது பெருவெளி என்பர். 2,100 மீற்றர் உயரத்தில் விரிந்த புல்வெளியும், குள்ளமாகி வளைந்த மரங்களைக் கொண்ட மேகக் காடும் சேர்ந்த நிலம் இது. சுமார் ஒன்பது கிலோமீற்றர் வட்டப்பாதையில் நடந்தால் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறையையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் காணலாம். உலக முடிவில் நிலம் ஏறத்தாழ 870 மீற்றர் கீழிறங்குகிறது. காலை பத்து மணிக்கு முன் அங்கே நிற்பது நன்று. வெயில் ஏற ஏற, கீழ்ச் சமவெளியின் ஈரக்காற்று சூடாகிப் பாறையோடு மேலெழுந்து, குளிர்ந்து முகிலாகி, காட்சியை மூடிவிடும்.

அங்கே நடக்கும்போது பாதையோரம் ஒரு புதர்ச்செடியைக் கவனியுங்கள். சிங்களத்தில் ‘நெலு’ என்பார்கள். அதன் சில வகைகள் பல ஆண்டுகள் பூக்காமலிருந்து, ஒரே பருவத்தில் கூட்டமாகப் பூத்து, விதை தந்தபின் மடிகின்றன. 2013 இல் ஹோர்ட்டன் சமவெளி அவ்வாறு பூத்தது. நீலகிரியில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் இந்த நெலுவும் ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை. குறிஞ்சித்திணையின் முதல், கரு, உரி என்று பரீட்சைக்காக மனனம் செய்த நம்மில் எத்தனை பேர், அந்தக் குறிஞ்சியின் உறவு நம் தீவிலேயே பூப்பதை அறிந்திருக்கிறோம்? நான் அறிந்தது நாற்பது வயதுக்குப் பின்னர். வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

இந்தக் காடு எஞ்சியதற்கும் ஒரு காரணம் உண்டு. கோப்பிக்காக மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்தபோது, 1873 இல் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டக்கூடாது என்று அறிவுறுத்தினார். மேகக் காடு முகிலிலிருந்தே ஈரத்தை வடித்தெடுத்து மண்ணுக்குத் தருகிறது. இச்சமவெளியில் ஊறும் பெலிகுல் ஓயா வளவை கங்கைக்கும், அக்கர ஓயா மகாவலிக்கும் செல்கின்றன. பொலன்னறுவையின் வயலுக்குப் பாயும் நீரிலும் இந்த மலையின் பங்கு உண்டு. 1988 இல் தேசிய பூங்காவான ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காட்டுடனும் நக்கிள்ஸ் மலைத்தொடருடனும் சேர்த்து, 2010 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. ஆகவே, நுழைவாயிலில் பொலித்தீன் உறைகளை அகற்றச் சொல்லும்போது முகம் சுளிக்க வேண்டாம். பாதையை விட்டு விலகவும் வேண்டாம்.

மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் செய்திராவிட்டால் அவற்றுள் பல மறைந்திருக்கும். பாடல்களைப் போலவே இடப்பெயர்களும் வாய்மொழி இலக்கியமே. துரைமார் வைத்த தோட்டப் பெயர்களுக்குப் பக்கத்தில் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர்கள் உள்ளன. ஒவ்வொரு பாறைக்கும், பீலிக்கும், குறுக்குப் பாதைக்கும் பெயருண்டு. அவற்றை அறிந்த முதியோர் குறைந்து வருகிறார்கள். மலையகப் பாடசாலை ஆசிரியர்கள் தம் மாணவரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, “உன் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வா” என்று சொன்னால் போதும், வேலை தொடங்கிவிடும்.

அன்று லிப்டன் ஆசனத்திலிருந்து இறங்கி வரும்போது ஆச்சியை மீண்டும் தேடினேன். அவர் விறகோடு போய்விட்டிருந்தார். அவருடைய பாட்டன் அந்த இடத்தை என்ன பெயர் சொல்லி அழைத்தார் என்று ஏறும்போதே கேட்டிருக்கலாம். தூரத்தை மட்டுமே கேட்டேன். நீங்கள் போகும்போது பெயரையும் கேளுங்கள்.