வாரத்துக்கு 168 மணி நேரம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், சுருக்கமாக எம்ஐடியில், எந்தப் பாடத்தை எடுத்தாலும் அதன் பெயரோடு மூன்று எண்கள் சேர்ந்தே வரும். முதலாண்டு கால்குலஸ் பாடத்துக்கு 5-0-7. வகுப்பில் வாரம் 5 மணி நேரம், ஆய்வக வேலை இல்லை, தானாக உட்கார்ந்து படிக்கவும் கணக்குப் போடவும் 7 மணி நேரம். கூட்டினால் 12 மணி நேரம், அதாவது 12 அலகுகள். இந்தப் பாடம் உங்கள் வாரத்தில் எவ்வளவு நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதை, பதிவு செய்யும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு பருவத்துக்கு நான்கு பாடங்கள் எடுப்பது வழக்கம். ஆக 48 மணி நேரம். வாரத்தின் 168 மணி நேரத்தில் அதையும், தினமும் எட்டு மணி நேரத் தூக்கத்தையும் கழித்தால் 64 மணி நேரம் மிஞ்சும். சாப்பிட, குளிக்க, துணி துவைக்க, அம்மாவிடம் போனில் பேச, நண்பர்களோடு இருக்க அது போதும். காகிதத்தில் பார்த்தால் சுமக்கக்கூடிய சுமைதான்.

நடைமுறை வேறு. பருவ முடிவில் ஒவ்வொரு பாடத்துக்கும் உண்மையில் எத்தனை மணி நேரம் செலவானது என்று மாணவர்களிடம் கேட்டுத் தொகுக்கிறார்கள். அடுத்து வருகிறவர்கள் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்தத் தொகுப்பைத்தான் பார்க்கிறார்கள். 12 என்று அச்சிட்ட பாடத்துக்கு 15 மணி நேரமும் அதற்கு மேலும் ஆனதாக எழுதுகிறவர்கள் உண்டு. ஆர்வத்தில் ஐந்தாவது பாடத்தையும் சேர்த்துக்கொள்பவர்களும் ஏராளம். அப்போது முதலில் குறைவது தூக்கம்.

எம்ஐடியில் படிப்பது தீயணைப்புக் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பது போல என்று அங்கே ஒரு பேச்சு நெடுங்காலமாக உண்டு. 1971 முதல் 1980 வரை கழகத்தின் தலைவராக இருந்த ஜெரோம் வீஸ்னர் சொன்னதாகக் கூறுவார்கள். 1991இல் மாணவர்கள் அதைச் செய்தே காட்டினார்கள். கழகத்தின் மிகப்பெரிய விரிவுரைக் கூடத்துக்கு வெளியே இருந்த குடிநீர்க் குழாயில், நிஜமான தீயணைப்புக் குழாயை இணைத்துவிட்டார்கள். நிர்வாகம் அதைக் குப்பையில் போடவில்லை. இன்று அது ஸ்டாட்டா மையக் கட்டடத்தில் காட்சிக்கு இருக்கிறது.

அந்தத் தண்ணீரின் வேகத்தை உணர, 'பி-செட்' எழுதும் இரவு ஒன்றைப் பார்க்க வேண்டும். பாடத்துக்கு வாரம் ஒன்றாகத் தரப்படும் கணக்குத் தொகுப்புக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. கேள்விகள் ஐந்தோ ஆறோதான் இருக்கும். ஆனால் வகுப்பில் நடத்திய சூத்திரத்தில் எண்களைப் போட்டால் விடை வந்துவிடாது. சுழலும் மேசை மேல் நழுவும் கட்டை, அதன் மேல் ஒரு சுருள்வில், எந்தக் கணத்தில் கட்டை மேசையை விட்டு விலகும் என்று கேட்டிருப்பார்கள். விடுதியின் பொதுக்கூடத்தில் நாலு பேர் வெள்ளைப் பலகை முன் நிற்பார்கள். ஒருவர் வரைந்த படத்தில் உராய்வு விசை எதிர்த் திசையில் இருப்பதை இன்னொருவர் கண்டுபிடிப்பார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். இரவு ஒரு மணிக்கு மூன்றாவது கேள்வியில் இருப்பார்கள். பல பாடங்களில் இப்படிச் சேர்ந்து யோசிப்பதற்கு அனுமதி உண்டு. விடையைத் தனித்தனியாக எழுத வேண்டும், யார் யாரோடு பேசினோம் என்று தாளில் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே வந்து சேர்கிறவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைக்காத கழகம் இது. ஒவ்வொருவரும் தத்தம் பள்ளியில் கணக்கில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் வாங்கியவர். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 பேர் அப்படி வந்து ஒரே வகுப்புகளில் உட்காரும்போது, பாதிப் பேர் வகுப்பின் கீழ்ப் பாதிக்குப் போவது தவிர்க்க முடியாதது. பதினெட்டு வயது வரை தோல்வியையே பார்க்காத பிள்ளைக்கு, முதல் இயற்பியல் தேர்வில் நூற்றுக்கு ஐம்பது வந்தால் அது வெறும் மதிப்பெண்ணாகத் தெரியாது. தன்னைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள் என்றே தோன்றும். உழைப்பின் களைப்பை விடக் கொடியது இந்த எண்ணம். களைத்தவர் தூங்கி எழுந்தால் தேறிவிடுவார். தான் இந்த இடத்துக்கு உரியவனே அல்ல என்று நினைக்கிறவர் உதவி கேட்கவே கூசுவார்.

இதற்கு எம்ஐடி செய்துவைத்திருக்கும் ஏற்பாடுகள் பாராட்டத் தக்கவை. 1968இல் முதலாண்டு மாணவர்களுக்குக் கிரேடு போடுவதையே சோதனையாக நிறுத்தினார்கள். தேர்ச்சி பெற்றால் தேர்ச்சி என்று மட்டும் பதிவாகும். பின்னர், தேறாத பாடம் வெளியே போகும் மதிப்பெண் பட்டியலில் இடம்பெறவே பெறாது என்றானது. 2002க்குப் பிறகு இரண்டாம் பருவத்தில் நல்ல கிரேடுகள் தெரியும்படி விதி மாறியது. ஆனாலும் முதல் பருவத்துக்கு அந்தப் பாதுகாப்பு இன்றும் இருக்கிறது. பருவத்தின் ஐந்தாவது வாரத்தில், தடுமாறும் முதலாண்டு மாணவர் யார் என்று ஆசிரியர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். பருவத்தின் பிற்பகுதி வரைக்கும், தாங்க முடியாத பாடத்தைச் சுவடு தெரியாமல் கைவிட முடிகிறது. மாலை 5 முதல் 7 வரை இளநிலை மாணவர்களுக்குக் கட்டாய வகுப்பு வைக்கக் கூடாது என்பதும் பேராசிரியர் அவையின் விதி. விளையாட்டுப் பயிற்சிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் அந்த நேரம்.

இவற்றை விடப் பெரியது இன்னொன்று. எம்ஐடியில் வகுப்பு ரேங்க் கிடையாது. பட்டத்தில் 'சிறப்புத் தகுதி' என்று பொறிப்பதும் கிடையாது. இத்தனை சதவீதம் பேருக்குத்தான் 'ஏ' என்று முன்கூட்டியே பங்கு பிரித்துக் கிரேடு போடக் கூடாது என்பதும் விதி. பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்தால் சொன்னவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. நள்ளிரவில் வெள்ளைப் பலகை முன் நாலு பேர் நிற்க முடிவது அதனால்தான்.

இதற்கு நேர்மாறான பாதையில் போய்ப் பார்த்தது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். கிரேடுகள் தாராளமாகிவிட்டன என்ற கவலையில், இளநிலைப் பாடங்களில் தரப்படும் 'ஏ' வகைக் கிரேடுகள் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2004இல் முடிவு செய்தார்கள். அது இலக்குதானே தவிர ஒதுக்கீடு இல்லை என்று விளக்கம் சொல்லப்பட்டது. மாணவர்கள் அதை ஒதுக்கீடாகவே படித்தார்கள். இடம் எண்ணி வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால், குறிப்பேட்டைக் கேட்கும் நண்பனிடம் கொடுக்கும் முன் யாருக்கும் கை தயங்கும். பத்தாண்டுகள் கழித்து, 2014இல் அந்த முடிவு கைவிடப்பட்டது.

நல்ல விதிகள் இருந்தும் எம்ஐடி துயரங்களிலிருந்து தப்பவில்லை. மாணவர் தற்கொலைகள் அந்த வளாகத்தை மீண்டும் மீண்டும் உலுக்கியிருக்கின்றன. 2001இல் மனநலப் பணிக்குழு ஒன்று, ஆலோசகர்களின் எண்ணிக்கையையும் அவர்களைச் சந்திக்கக் கிடைக்கும் நேரத்தையும் கூட்டச் சொன்னது. கழகத்தின் குறிக்கோள் வாசகம் மனத்தையும் கையையும் மட்டுமே சொல்கிறது. 2015இல் அவற்றோடு இதயத்தையும் பெயரில் சேர்த்து ஒரு மாணவர் நல இயக்கம் தொடங்கினார்கள். 2018இல் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம், ஓர் ஆராய்ச்சி மாணவரின் மரணம் பற்றிய வழக்கில் எம்ஐடியைப் பொறுப்பாக்கவில்லை. ஆனால் தற்கொலை முயற்சியோ அதற்கான திட்டமோ தெரியவந்த பிறகு, மாணவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு என்று அதே தீர்ப்பில் வரையறுத்தது. இத்தகைய மரணங்களுக்குப் படிப்புச் சுமை ஒன்றையே காரணமாகக் காட்டுவது தவறு. நோய், தனிமை, குடும்பம் என்று பல இழைகள் அதில் பின்னியிருக்கும். ஆனால் தூங்காத உடம்பில் எந்தத் துன்பமும் கனம் கூடும் என்பதையும் மறுக்க முடியாது.

இப்போது சுமையின் இன்னொரு பாதி வகுப்புக்கு வெளியிலிருந்து வருகிறது. இளநிலை மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆய்வில் சேர்க்கும் திட்டத்தை எம்ஐடி 1969இல் தொடங்கியது. அருமையான திட்டம். இன்று ஏறக்குறைய எல்லா மாணவர்களும் படிப்பு முடிவதற்குள் அதில் பங்கெடுத்துவிடுகிறார்கள். அதோடு மாணவர் குழுக்கள், கோடைக்காலப் பயிற்சி வேலைக்கான நேர்காணல்கள், சொந்தத் தொழில் கனவுகள். இவற்றில் எதற்கும் பாடப்பட்டியலில் மூன்று எண்கள் கிடையாது. முதல் பருவத்தில் எத்தனை பாடம் எடுக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்த கழகம், மூன்றாம் ஆண்டு மாணவர் ஆறு பாடங்களோடு ஆய்வக வேலையையும் ஏற்றிக்கொள்ள வந்தால், முடிவை அவருக்கும் அவருடைய ஆலோசகருக்கும் விட்டுவிடுகிறது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பதிவுக்கு ஆலோசகரின் ஒப்புதல் தேவை. பட்டத்துக்கு இன்னும் எத்தனை அலகுகள் பாக்கி என்பதைச் சரிபார்ப்பதோடு அந்தச் சந்திப்பு முடிந்துவிடக் கூடாது. போன பருவத்தில் எத்தனை மணிக்குத் தூங்கப் போனாய் என்று பேராசிரியர் கேட்க வேண்டும், பதில் வரும் வரை காத்திருக்கவும் வேண்டும்.