கருநிறம் தரும் எச்சரிக்கை

எலும்பு முறிவுக்காகவோ இருதய நோய்க்காகவோ மருத்துவமனையில் ஒரு முதியவர் படுத்திருக்கிறார். துணைக்கு இருப்பவர் அவருடைய மனைவி. ஒருநாள் விடியற்காலையில் நோயாளியின் மலம் தாரைப்போல் கருத்து, பிசுபிசுப்பாய், மிகுந்த துர்நாற்றத்துடன் வெளியேறுகிறது. "இதைப்போய் டாக்டரிடம் எப்படிச் சொல்வது?" என்று கூசிய அம்மையார், அதைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டுப் பேசாதிருந்து விடுகிறார். இந்த மௌனம் உயிருக்கே உலை வைத்துவிடக் கூடும்.

ஏனெனில் அக்கருமை பெரும்பாலும் இரத்தமே. உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் ஆகியவற்றில் கசியும் இரத்தம் குடல் வழியே இறங்கும்போது கருத்துவிடுகிறது. வாந்தியாக வந்தால் செந்நிறமாகவோ, காப்பித்தூளைக் கரைத்தாற்போலவோ இருக்கும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும் என்பது உண்மை. ஆனால் எது என்பதை மருத்துவரே தீர்மானிக்கட்டும்.

இதற்குக் காரணங்கள் பல. முதன்மையானது இரைப்பைப் புண், குடற்புண். இவை மனக்கவலையாலும் காரத்தாலும் மட்டுமே வருவன என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் மருத்துவர்கள் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை வளர்த்துக் காட்டினர். இக்கண்டுபிடிப்புக்காக 2005இல் நோபல் பரிசு பெற்றனர். மூட்டுவலி மாத்திரைகளும் ஆஸ்பிரினும் புண் உண்டாக்க வல்லவை. கல்லீரல் கெட்டிப்பட்டவர்களுக்கோ உணவுக்குழாயில் இரத்தக் குழாய்கள் புடைத்து வெடிப்பதுண்டு.

எழுந்தால் தலைசுற்றல், வெளிறிய முகம், குளிர்ந்த வியர்வை, நிமிடத்திற்கு 100க்கு மேல் ஓடும் நாடி ஆகியவை பெருங்கசிவின் அடையாளங்கள். முதல் சில மணி நேரத்தில் ஹீமோகுளோபின் அளவு குறையாமலே இருக்கலாம். அதனை நம்பி அயர்ந்துவிடலாகாது.

அன்பு வாசகர்களே, அவ்வேளையில் துணையிருப்போர் செய்ய வேண்டியவை சிலவே. உடனே செவிலியரை அழையுங்கள். நோயாளியை எழுப்பி நடத்தாமல் படுக்க வையுங்கள்; வாந்தி வந்தால் ஒருக்களித்துத் திருப்புங்கள். காப்பியோ மோரோ, எதுவும் குடிக்கக் கொடாதீர்கள். உண்ட மாத்திரைகளையும், மதுப்பழக்கம் இருந்தால் அதனையும் மறைக்காமல் கூறுங்கள். இருதய மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

மருத்துவர்கள் நரம்பின் வழியே திரவம் செலுத்தி இரத்த ஓட்டத்தை நிலைப்படுத்துவர். பொதுவாக ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழிறங்கினால் இரத்தம் ஏற்றுவர். இருதய நோயாளிக்குச் சற்று முன்னதாகவே ஏற்றுவதுண்டு. தேவைக்கு மேல் ஏற்றுவதும் தீங்கே என்பதால், "இன்னும் ஏற்றுங்கள்" என்று வற்புறுத்த வேண்டாம். வழக்கமாக 24 மணி நேரத்திற்குள் எண்டோஸ்கோப்பிக் குழாயை உட்செலுத்திக் கசிவிடத்தைக் காண்பர். ஊசி மருந்தாலும் வெப்பத்தாலும் சிறு கவ்விகளாலும் அதை அடைப்பர். புடைத்த குழாய்களுக்கு ரப்பர் வளையமிடுவர். இரத்தம் நின்ற பின்னர் கிருமிச் சோதனை செய்துகொண்டால், புண் திரும்ப வராமல் தடுக்கலாம்.

நோயாளியின் கழிவைச் சுத்தம் செய்யும் கைகள் அன்பின் கைகள். அவற்றோடு கூர்ந்து நோக்கும் கண்களும் கூசாமல் பேசும் நாவும் சேருமாயின், பல உயிர்கள் பிழைக்கும்.