முழங்காலைத் தட்டும் சுத்தியல், முதலில் தட்டியது நெஞ்சை!

டாக்டர் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டுவார், கால் தானாக எகிறும். பார்த்திருப்பீர்கள். அந்த வகைச் சுத்தியல் முதலில் வந்தது முழங்காலுக்காக அல்ல, நெஞ்சுக்காக!

எக்ஸ்ரே இல்லாத காலம். நெஞ்சுக்குள் நீர் கோத்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வியன்னா டாக்டர் லியோபோல்ட் அவுன்பிரூக்கர் விரல் நுனியால் தட்டிக் கேட்டார். காற்று நிறைந்த நுரையீரல் முழங்கும். நீர் இருந்தால் ஒலி மழுங்கிவிடும். அவருடைய அப்பா விடுதி நடத்தியவர். ஒயின் பீப்பாயைத் தட்டி அளவு பார்ப்பதைக் கவனித்துத்தான் மகனுக்கு இந்த யோசனை வந்ததாக ஒரு கதை உண்டு. பிணங்களின் நெஞ்சில் நீர் ஏற்றித் தட்டிப் பார்த்தும் சோதித்தார் மனிதர். 1761-ல் புத்தகமும் போட்டார். பெரும்பாலான டாக்டர்கள் கண்டுகொள்ளவே இல்லை!

நெப்போலியனின் டாக்டர் கார்விசார் 1808-ல் அதைப் பிரெஞ்சில் கொண்டுவந்த பிறகுதான் மவுசு வந்தது. மறு வருடமே அவுன்பிரூக்கர் காலமானார்.

வெறும் நெஞ்சில் தட்டுவதற்குப் பதிலாக, தந்தத்தில் ஒரு சின்னத் தட்டு செய்து, அதை உடம்பில் வைத்து அதன்மேல் தட்டினார் பாரிஸ் டாக்டர் பியோரி. இது 1826-ல். தட்டுவதற்கென்றே சுத்தியலை 1841-ல் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் வின்ட்ரிச். 1875-ல் எர்ப், வெஸ்ட்பால் என்ற இரு ஜெர்மன் டாக்டர்கள் முழங்கால் எகிறும் விஷயத்தைத் தனித்தனியாக எழுதினார்கள். நெஞ்சுச் சுத்தியலுக்குக் காலில் புது வேலை கிடைத்தது.

தந்தத் தட்டு இப்போது மியூசியத்தில். டாக்டரின் இடது கை நடுவிரல்தான் தட்டு. வலது கை நடுவிரல்தான் சுத்தியல்.