யேல் குடும்பத்தின் வம்ச வரலாறும் நம் சபைப் பதிவேடுகளும்

திருமறையின் வம்ச அட்டவணைகளை நம்மில் பலர் வாசியாமலே கடந்து செல்கிறோம். ஆயினும், பதிவேட்டில் பெயர் இல்லாமை ஒருவர் வாழ்வையே மாற்றிவிடும் என்பதற்கு எஸ்றா 2:62 சான்று. சிறையிருப்பினின்று மீண்ட ஆசாரியருள் சிலர், தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் காணாமையால் ஊழியத்தினின்று விலக்கப்பட்டனர். இவ்வுண்மையைச் சென்னையோடு தொடர்புடைய ஓர் அமெரிக்கக் குடியேற்றக் குடும்பத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

அது யேல் குடும்பம். அதன் அமெரிக்கக் கிளைக்கு வேராயிருந்தவர் ஆன் லாயிட் என்னும் பெண்மணி. செஸ்டர் பேராயர் ஜார்ஜ் லாயிடின் மகளான இவர், கணவர் தாமஸ் யேல் மரித்தபின் தியோபிலஸ் ஈட்டனை மணந்து, 1637இல் அமெரிக்கா சென்றார். ஈட்டன் நியூ ஹேவன் குடியேற்றத்தின் ஆளுநரானார். ஆனோ, குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்தமையால் 1640களில் அவ்வூர்ச் சபையினின்று நீக்கப்பட்டார். சபை அவ்விசாரணையை எழுதி வைத்தமையால், தண்டிக்கப்பட்ட அப்பெண்மணியின் கருத்துகளை நாம் இன்றும் அறிகிறோம்.

ஆனின் மகன் தாமஸ் நியூ ஹேவனில் நிலைத்தார். மற்றொரு மகன் தாவீதுக்கு 1649இல் பாஸ்டனில் பிறந்தவரே எலிகூ யேல். சிறுவயதிலேயே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட இவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக 1672இல் சென்னை வந்து, 1687 முதல் 1692 வரை ஆளுநராயிருந்தார். கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயம் 1680 அக்டோபர் 28இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் பதிவேட்டின் முதல் திருமணம், நவம்பர் 4இல் எலிகூவுக்கும் ஜோசப் ஹின்மர்ஸின் விதவை கேத்தரினுக்கும் நடந்ததாகும். இவர்களுடைய மகன் தாவீது குழந்தைப் பருவத்திலேயே மரித்தான். அவனும் ஹின்மர்ஸும் அடக்கம்பண்ணப்பட்ட கல்லறைச் சின்னம் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் எழுப்பப்பட்டது.

எலிகூ 1721இல் மரித்தபோது அவருக்கு ஆண்வாரிசு இல்லை, புதல்வியர் இருந்தனர். எனவே யேல் என்னும் பெயர் தாங்கிய அமெரிக்கர், அப்பெயரைக் கொண்டே தம்மை எலிகூவின் வழியினர் எனக் கருதுதல் பொருந்தாது. அவர்களுள் பலர் தாமஸின் வழியினர். வம்சம் தேடுவோர் கருதவேண்டியவை இரண்டு. ஒன்று, பாட்டன் பெயர் பேரனுக்கு இடப்படுவதால் தாமஸ், தாவீது என்னும் பெயர்கள் திரும்பத் திரும்ப வந்து மயக்கம் தரும். மற்றொன்று, 1752க்கு முன் ஆங்கிலேயரின் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியமையால், சனவரியில் நிகழ்ந்த மரணம் முந்திய ஆண்டின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்.

ஆனால் எவ்வளவு கவனமாய்த் தேடினும் கிட்டாத பெயர்களும் உண்டு. 1680களில் சென்னைத் துறையிலிருந்து மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். யேல் அங்கம் வகித்த கம்பெனி ஆட்சிமன்றம் அவ்வணிகத்தில் பங்குகொண்டது. ஆளுநரின் குழந்தைக்குக் கல்லறைச் சின்னம் எழும்பிற்று. அடிமைகளோ பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டுமே குறிக்கப்பட்டனர். எலிகூ 1718இல் அளித்த நன்கொடையால் அவர் பெயரைப் பெற்ற கல்லூரி, இன்று பல்கலைக்கழகமாய் விளங்குகின்றது. அது, அடிமைமுறையோடு தனக்கிருந்த வரலாற்றுத் தொடர்பிற்காக 2024 பிப்ரவரியில் மன்னிப்புக் கோரியது.

மத்தேயு எழுதிய வம்ச அட்டவணை இத்தகைய மறதிக்கு எதிரானது. தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகியோரை அது மறைக்கவில்லை. குடும்பத்திற்கு மதிப்புச் சேர்ப்பவரை மட்டும் தெரிந்தெடுக்கவுமில்லை. அதே நற்செய்தியில் யோவான் ஸ்நானகன், ஆபிரகாமின் பிள்ளைகள் என்னும் பெருமிதத்தைக் கண்டிக்கிறான் (3:9). ஆகவே வம்ச வரலாறு குலப்பெருமைக்கன்று, எவரும் மறக்கப்படாதிருத்தற்கே.

இது ஆயர்தம் மேசைக்கு வரவேண்டிய செய்தி. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளில், துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பிச் சொந்த ஊரை விட்டு வந்த குடும்பங்கள் பல. வாடகை வீடுகள் மாறுகையில் அவர்தம் தாள்கள் தொலைகின்றன. ஆலயப் பதிவேடே எஞ்சுகின்றது. ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் பெயரோடு தாயின் பெயரையும் சொந்த ஊரையும் முழுமையாய் எழுதுக. ஒப்பந்தத் தொழிலாளியின் அடக்கத்தையும், பிறந்தவுடன் மரித்த சிசுவின் அடக்கத்தையும் விடாது குறித்திடுக. கடற்காற்றின் ஈரமும் கறையானும் அழிக்குமுன் பழைய ஏடுகளுக்குப் படி எடுத்து வைத்திடுக. மேய்ப்பர் தம் ஆடுகளைப் பேர் சொல்லி அழைக்கிறார் என்று பிரசங்கிக்கும் நாம், அப்பெயர்களைப் பிழையின்றி எழுதி வைத்தலும் மேய்ப்புப்பணியே.