இரண்டு இன்ச் தண்ணீர் என்றால் எவ்வளவு?

போர் போட்டு முடித்ததும் ரிக் வண்டிக்காரர் "ரெண்டு இன்ச் தண்ணி" என்பார். நிலத்துக்காரருக்கு உயிர் வந்துவிடும். அந்த இரண்டு இன்ச் எதன் அளவு என்று கேட்டால், குழாயின் விட்டம் என்றே பலரும் சொல்வார்கள். அது வேறு கணக்கு. பீறிட்டு வரும் தண்ணீரை ஒரு சிறு வாய்க்காலில் திருப்பி, குறுக்கே ஒரு தகட்டை நிறுத்துவார்கள். அதில் ஆங்கில 'வி' எழுத்தைப் போல ஒரு வெட்டு இருக்கும். வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் எத்தனை இன்ச் உயரம் ஏறி நிற்கிறது என்பதுதான் அந்த அளவு.

டீயைக் குடித்துக்கொண்டே யோசித்துப் பாருங்கள். இரண்டு இன்ச் என்பது ஒரு இன்ச்சைப் போல இருமடங்குதானே என்று தோன்றும். உண்மையில் ஐந்தரை மடங்குக்கும் மேல். காரணம் வெட்டின் வடிவத்திலேயே இருக்கிறது. உயரம் இரட்டித்தால் தண்ணீரின் அகலமும் இரட்டிக்கிறது. ஆக, பாயும் பரப்பு 4 மடங்கு. உயரம் கூடியதால் தண்ணீர் வெளியேறும் வேகமும் கூடுகிறது, ஆனால் இருமடங்காக அல்ல, இரண்டின் வர்க்கமூலமான 1.414 மடங்காக. நான்கை 1.414ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5.66.

வெட்டு 90 பாகைக் கோணத்தில் இருந்தால், 2 இன்ச்சுக்கு மணிக்குச் சுமார் 2,900 லிட்டர். 3 இன்ச்சுக்கு ஏறத்தாழ 8,000 லிட்டர். ஒரே ஒரு இன்ச் கூடியதற்கு இவ்வளவு வித்தியாசம்! 1 இன்ச் என்றால் 500 லிட்டர் அளவில் வரும். ஆனால் அவ்வளவு குறைந்த உயரத்தில் தண்ணீர் தகட்டோடு ஒட்டிக்கொண்டே வழியும் என்பதால் அந்தக் கணக்கை அதிகம் நம்ப முடியாது.

செவ்வக வெட்டும் உண்டு. அமெரிக்காவின் லோவெல் நகரில், பஞ்சாலைகளுக்குத் தண்ணீர் தந்த கால்வாய்களை அளக்க ஜேம்ஸ் பிரான்சிஸ் என்ற பொறியாளர் அதை விரிவாகச் சோதித்து, 1855இல் நூலாக வெளியிட்டார். பெரிய ஓட்டத்துக்கு அது பொருத்தம். சிறிய ஓட்டமோ அகலமான வெட்டில் மெல்லிய ஏடாகப் பரவிவிடும், ஸ்கேல் வைத்துப் படிக்க உயரமே இருக்காது. 'வி' வெட்டில் கொஞ்சத் தண்ணீரும் குறுகி உயர்ந்து நிற்கும். பெல்பாஸ்டில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் தாம்சன் இதை ஆராய்ந்து நிலைநிறுத்தினார். அவர் கெல்வின் பிரபுவின் அண்ணன். அணைகளின் உள்ளே கசியும் நீரை அளக்கவும் இன்றுவரை இந்த 'வி' வெட்டுத்தான் பயன்படுகிறது.

தகடு எளிமையானது, அளப்பதில்தான் பிசகு நடக்கிறது. தகட்டை நெருங்கும்போது தண்ணீரின் மட்டம் வளைந்து தாழ்ந்துவிடும். எனவே தகட்டின் மேலேயே ஸ்கேலை வைத்துப் படித்தால் குறைவாகக் காட்டும். நீரின் உயரத்தைப் போல 4 மடங்கு தூரமாவது, தண்ணீர் வரும் மேல்பக்கம் தள்ளி அளக்க வேண்டும். அங்கே நட்ட ஸ்கேலின் பூஜ்யம் வெட்டின் அடிமுனைக்கு நேர்மட்டமாக இருக்க வேண்டும். 5 செ.மீ. உயரத்தில் 1 மி.மீ. தவறினால், ஓட்டத்தில் 5 சதவீதம் தவறிவிடும்! விழும் தண்ணீருக்கு அடியில் காற்று புக இடம் வேண்டும். கீழ்ப்பக்கத் தண்ணீர் எழும்பி வெட்டைத் தொடக் கூடாது. தகட்டின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும், துருப்பிடித்து மழுங்கினால் கணக்கு மாறும். மேல்பக்கம் வண்டல் சேர்ந்தால் தண்ணீர் வேகத்தோடு வந்து மோதும், அப்போது தகடு உண்மையைவிடக் குறைவாகவே சொல்லும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும், போர் போட்ட அன்று கம்ப்ரசர் காற்றில் பீறிட்ட தண்ணீர் அந்த வேளையின் அளவு மட்டுமே. பாறை இடுக்கில் தேங்கியிருந்ததும் அதில் கலந்து வரும். கோடையிலும் அதே அளவு கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும் முன் சில மணி நேரம் தொடர்ந்து இறைத்து, போருக்குள் நீர்மட்டம் எங்கே நிலைக்கிறது என்று பாருங்கள். அந்த நேரத்தில் தகட்டில் நிற்கும் உயரத்தை நம்பி மோட்டாரை வாங்குங்கள். இன்ச்சை மட்டும் கேட்டுக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்.