எல்லோருக்கும் எட்டும் இணையதளம்

பொதுநலச் சங்கம் ஒன்று ஊர் நடுவே அறிவிப்புப் பலகை வைப்பது, வேண்டியவர் யாவரும் படித்துப் பயன்பெறும் பொருட்டேயாகும். இந்நாளில் அப்பலகையின் பணியை இணையதளங்கள் ஏற்றுள்ளன. கல்வி உதவித்தொகை, மருத்துவ முகாம், ஆண்டுக் கூட்டம் முதலிய செய்திகள் அங்கேதான் வெளியாகின்றன. ஆனால் பார்வையற்றவரும், செவித்திறன் குறைந்தவரும், கைவிரல்கள் எளிதில் இயங்காதவரும் அவற்றைப் பெற முடிகிறதா? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டு மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பொதுநலம் பேசுவது பொருந்துமா?

இதைச் சிந்திக்கத் திருவனந்தபுரம் நல்லதோர் இடம். இந்நகரின் ஆக்குளத்தில் உள்ள ‘நிஷ்’ என்னும் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1997இல் தோன்றியது. செவித்திறன் குறைந்த மாணவர்கள் கணினி அறிவியலில் பட்டம் பெறவும் அது வழி செய்தது. மலையாள எழுத்துக்களை விரல்களால் காட்டும் முறையை 2021இல் வெளியிட்டது. வெள்ளாயணிக் காயற்கரையிலோ, சமூகத் தொண்டு நிறுவனங்களைத் தொடங்க விழைவோருக்கு ‘காந்தாரி’ என்னும் நிலையம் 2009 முதல் பயிற்சி அளித்து வருகிறது. அதை நிறுவிய இருவருள் ஒருவரான சப்ரியே டென்பெர்கன் அம்மையார் பார்வையற்றவர். திபெத்திய மொழிக்குப் பிரெய்ல் எழுத்து வகுத்தவர். உருவிற் சிறிதாயினும் உறைப்பிற் பெரிதான காந்தாரி மிளகாயின் பெயரே அந்நிலையத்தின் பெயர். மாற்றுத்திறனாளிகள் உதவி பெறுவோர் மட்டுமல்லர், நிறுவனங்களை நடத்துவோரும் ஆவர் என்பதை இது காட்டுகிறது.

பார்வையற்றவர் இணையதளத்தை எவ்வாறு படிக்கிறார்? திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருள் ஒன்று துணை செய்கிறது. ஆஸ்திரேலியாவில் 2006இல் உருவாகத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்பது அத்தகையது, அது விலையின்றிக் கிடைப்பது. ஆயினும், எழுத்து எழுத்தாக இருந்தால்தான் அது ஒழுங்காகப் படிக்கும். அழைப்பிதழைப் படமாக்கி வெளியிட்டால், அதில் உள்ள நாளும் நேரமும் இடமும் படத்தின் கோடுகளாகவே நின்றுவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலும் இத்தொல்லை உண்டு. கண்ணுக்கு ‘அம்மா’ என்று தோன்றும் சொல், கணினிக்குள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே கிடக்கும். யூனிகோடு முறையில் எழுதினால் இத்தொல்லை இல்லை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர் கருதவேண்டியது மற்றொன்றும் உண்டு. நம் சங்கங்களின் பக்கங்களில் தமிழும் ஆங்கிலமும் அவ்வூர் மொழியும் கலந்தே இருக்கும். எப்பகுதி எம்மொழி என்பதைப் பக்கத்தின் உட்குறிப்பில் காட்டவேண்டும். காட்டினால் மென்பொருள் தமிழைத் தமிழ்க் குரலில் படிக்க இயலும். காட்டாவிடில் வேற்றுமொழிக் குரலில் உளறவோ, வாய்மூடிக் கடந்து செல்லவோ கூடும்.

ஏனைய ஏற்பாடுகளும் அரியவை அல்ல. படம் ஒவ்வொன்றுக்கும் அது காட்டும் பொருளை ஓரிரு வரியில் எழுதிச் சேர்க்கலாம். பேச்சு அடங்கிய காட்சிகளின் அடியில் எழுத்து வரிகள் ஓடச் செய்யலாம். வெளிர் நிறப் பின்னணியில் வெளிர் எழுத்தைத் தவிர்க்கலாம். சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிவேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவிலேனும் இருத்தல் வேண்டும் என உலகளாவிய நெறிமுறை கூறுகிறது. மவுஸ் இன்றி விசைப்பலகையாலேயே எல்லாப் பகுதிகளையும் அடைய முடிகிறதா என்று பார்க்கலாம். இவற்றால் முதியோரும், சிறிய கைப்பேசியில் வெயிலில் நின்று படிப்போரும் பயனடைவர்.

இது கருணையால் செய்யும் உதவி அன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. மின்னணுச் சேவைகளை அடைவது வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

ஆகவே, அன்பர்களே, அடுத்த அறிவிப்பை வெளியிடுமுன் பார்வையற்ற அன்பர் ஒருவரிடம் அதைக் கொடுத்து, கூட்டம் என்று, எங்கே என்று கேளுங்கள். அவர் தாமே கண்டறிந்து கூறுவாரானால் உங்கள் பலகை உரிய இடத்தில் இருக்கிறது. இல்லையேல், அது எங்கே தடுத்தது என்பதை அவரே சொல்லுவார். அதைத் திருத்துவதே முதற்பணி.